பவர் அக்காவின் வாசனை

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பவர் அக்கா என்று பெயர். வருகிறவர்களின் கண்ணைப் பரிசோதித்து, இடது கண்ணுக்கு என்ன பவர், வலது கண்ணுக்கு என்ன பவர் என்று சொல்வது அவள் வேலை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். மற்றபடி அவளிடம் அதிகாரம் என்று சொல்ல ஒரு குண்டூசி அளவுகூடக் கிடையாது. "பவர் மேடம் இருக்காங்களா?" என்று பழைய வாடிக்கையாளர்கள் கேட்பதைப் பார்த்து, புதிதாக வந்தவர்கள் யாரோ பெரிய ஆள் வரப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்வார்கள். உள்ளேயிருந்து வருவது ஐம்பதை நெருங்கும் ஒல்லியான ஒரு பெண். யாரைப் பார்த்தாலும், அவர்கள் காலை மிதித்துவிட்டவள்போலச் சிரிப்பாள்.

பரிசோதனை அறை கடையின் கோடியில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. எழுத்துப் பலகை, சுழலும் நாற்காலி, விதவிதமான கண்ணாடி வில்லைகள் அடுக்கிய பெட்டி, தாடையை வைத்து உள்ளே பார்க்கும் இயந்திரம். இயந்திரத்துக்குள் நீண்ட சாலை ஒன்று ஓடும். சாலையின் முடிவில் ஒரு பலூன் மங்கித் தெளியும். விளக்கை அணைத்துவிட்டு, முன்பின் தெரியாதவர்களின் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய், வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்ன வச்சது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்க வேண்டும். அவள் மூச்சு அவர்கள் நெற்றியில் படும். அதனால் மதியம் சாப்பிட்ட கையோடு பல் துலக்கிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். வெங்காயம் தொடமாட்டாள். அடுத்தவருக்குத் தன்னால் முகம் சுளிக்க நேரக்கூடாது என்பதில் அத்தனை கவனம்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தப் பழக்கம் வந்து சேர்ந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி வெந்நீரானது. சோப்பு வெறும் கட்டியானது. குப்பைத் தொட்டிக்கும் பூங்கொத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் கணவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். மாலையில் வீடு திரும்பும்போது அவரோடு ஒரு மசகெண்ணெய் வாடை வரும், இத்தனை வருடமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தவள் இப்போது அவர் சட்டையைத் துவைக்கப் போடுமுன் முகத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெறும் துணி. பொறுமையாக இருங்கள், வரும் என்று டாக்டர் சொன்னார். வந்தபாடாக இல்லை.

ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஊர்ந்து போனது. திறந்த ஜன்னல் வழியாகச் சூடான தாரின் வாசனை நேராக வந்து அவள் மூளையில் அறைந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்ப நடந்து, தார் கொதிக்கும் பீப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பும் வருகிறது. வேலைசெய்தவர்கள் வழி தவறிய பெண் என்று நினைத்து, எங்கே போக வேண்டும் என்று பரிவாக விசாரித்தார்கள்.

அதன் பிறகு கனத்த வாசனைகள் மட்டும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. புகை, தோல், துரு, பெட்ரோல். பூவும் பழமும் வரவில்லை. மூக்கு எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு விடுமுறை நாளில் வாசனைத் திரவியங்கள் விற்கும் கடைக்குப் போனாள். விற்பனையாளர் நெட்டையான, மெதுவாகப் பேசும் மனிதர். காகிதப் பட்டைகளில் தெளித்துத் தெளித்து நீட்டினார். அவள் எல்லாவற்றையும் முகர்ந்து, உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் அவர் தயங்கி, குனிந்து, எல்லாவற்றுக்கும் கீழே இருந்த தட்டிலிருந்து கருத்த குப்பி ஒன்றை எடுத்தார்.

"இதை யாரும் வாங்குறதில்லைங்க," என்றார். "மோந்து பார்த்துட்டுச் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. சில பேர் கோவிச்சுக்குவாங்க."

முதலில் தார் வந்தது. அதன் பின்னால் ஈர இரும்பு. அதற்கும் பின்னால், மழையில் நனைந்து வீட்டுக்குள் நுழைந்த ஏதோ ஒரு பெரிய விலங்கின் ரோமம். அவள் பட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. இப்படியெல்லாம் எதற்குச் செய்கிறார்கள் என்று கேட்டாள். எங்கேயோ சின்ன அளவில் செய்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், அதைத் தேடி அலைகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். நன்றாக இருக்க வேண்டும் என்று செய்வதல்ல இது, வேறு ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும் என்று செய்வது என்றார். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

மூக்கு மெல்ல மெல்ல முழுசாகத் திரும்பிவிட்டது. ஆனாலும் அவள் அந்தக் கீழ்த்தட்டை விடவில்லை. ஈரச் சுவரும் காளானுமாக ஒன்று, அணைந்த மெழுகுவர்த்தியும் மருத்துவமனைப் பஞ்சுமாக ஒன்று என்று குப்பிகள் அவள் அலமாரிக்கு இடம் மாறின. எல்லாவற்றிலும் அவளுக்கு உயிர் அந்த முதல் குப்பிதான். மனசுக்குள் அதற்கு மிருகம் என்று பெயர் வைத்திருந்தாள். போட்ட கொஞ்ச நேரத்துக்கு அது உறுமும். மதியத்துக்கு மேல் அடங்கி, அடியிலிருந்து கருந்தேன் போல ஒன்று கசியும். அந்தக் கருந்தேனுக்காக அந்த உறுமலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தாள்; பிறகு உறுமலே பிடித்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஓரமாகவே நடந்து பழகியவள். அதைப் போட்டுக்கொண்டால் நடுச்சாலையில் நடப்பதுபோல இருந்தது.

முதல் முறை வீட்டில் போட்டபோது கணவர் விசுக்கென்று எழுந்து, கேஸ் கசிகிறதா என்று அடுப்படிக்குப் போனார். சோப்பு நுரை போட்டுக் குழாயைச் சோதித்தார். அவளும் பின்னாலேயே போய், குனிந்து குனிந்து பார்த்தாள். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு ஆசை என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து அவர் கிளம்பிய பிறகுதான் குப்பியை எடுப்பாள். மூக்கு பாதி வேலைசெய்த காலத்தில் பழகிய கை, அளவு தெரியாத கை. கழுத்தில், இரண்டு மணிக்கட்டில், முழங்கை மடிப்பில், சட்டையின் உட்பக்கத்தில் என்று அழுத்துவாள். மூக்கு திரும்பிய பிறகும் கை குறையவில்லை.

அந்த வருடம் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கடைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். குளிர்சாதனம் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி விட்டது. ஒரு காலை நேரம், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இயந்திரத்தில் தாடையை வைத்தவர் சட்டென்று தலையை எடுத்தார்.

"ஏம்மா, உள்ளே ஏதாவது செத்துக் கிடக்கா?"

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. காது மடல் சுட்டது. மழைக்காலம் இல்லையா, சாக்கடையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, இருட்டில் பலூனைத் தெளியவைப்பதில் மும்முரமானாள். பெரியவர் போகும்போது முதலாளியிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி சாது. ஆனால் பயந்தவர். எலி செத்த கடைக்கு யார் வருவார்கள் என்று கதிகலங்கிப்போனார். மதியச் சாப்பாட்டு வேளையில் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் எலி தேடினார்கள். வில்லை தேய்த்துப் பொருத்துகிறவர் ஒருவர் உண்டு, வாயாடி. அவர் முக்காலிமேல் ஏறி மேல்தளப் பலகையை விலக்கினார். முதலாளி டார்ச் விளக்கைப் பவர் அக்காவின் கையில் கொடுத்தார். அவள் கீழே நின்று, தன் வாசனையின் நடுவில் நின்று, செத்த எலிக்கு வெளிச்சம் காட்டினாள்.

"மேலே வாடையே இல்லைங்க," என்றார் பொருத்துகிறவர். "அக்கா நிக்கிற இடத்துலதான் குடலைப் பிடுங்குது. அக்கா, கொஞ்சம் தள்ளுங்க, அந்த அலமாரியை நகர்த்திப் பார்த்துடலாம்."

அவள் தள்ளி நின்றாள். அலமாரிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தின் ஒடிந்த காதுக்கம்பி ஒன்றும், ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறையும் கிடந்தன. எலி இல்லை. சுத்தம் செய்கிற சின்னம்மா முட்டி போட்டு உட்கார்ந்து, அலமாரி இருந்த இடத்தைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னம்மா என்றுதான் கடையில் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். அறுபதுக்குப் பக்கத்தில் வயது. ஒரு முட்டியில் வலி. ஆனால் வாய்க்கு வலி தெரியாது. காலையில் பரிசோதனை அறையைத் துடைக்க வரும்போது முந்தின நாள் பஸ்ஸில் நடந்த சண்டையை இரண்டு பக்கமும் தானே பேசிக் காட்டுவாள். பவர் அக்கா வேலையில் மூழ்கிக் கிடந்தால், கேட்காமலே ஒரு டீயைக் கொண்டுவந்து வில்லைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

எலி தேடிய மறுநாள் பவர் அக்கா எதுவும் போடாமல் வந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஆனால் அறையில் மாட்டியிருந்த அவள் வெள்ளைக் கோட்டில் மிருகம் ஊறிப்போயிருந்தது. கோட்டில்தான் ஏற்கெனவே இருக்கிறதே, ஒரே ஒரு அழுத்து அழுத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு சமாதானம் சொன்னது. ஒரு அழுத்து இரண்டானது.

விற்பனைக்கு நிற்கும் பெண்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். வாடை ஒரே இடத்தில் இல்லை. பரிசோதனை அறையில் இருக்கிறது, சில சமயம் உள்நடையில், சில சமயம் டீ வைக்கும் மூலையில். செத்த எலி நடக்குமா? அப்படியானால் அது ஆள். இந்த இடத்துக்கெல்லாம் போய்வருகிற ஆள் யார்? முதலாளியிடம் அவள் கிசுகிசுத்ததும், அவர் பார்வை துடைக்கிற வாளியின் பக்கம் போயிற்று. மதியம் பல் துலக்குகிற, வெங்காயம் தொடாத பவர் அக்காவை யாரும் ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

மறுநாள் முதலாளி பவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, சுற்றிவளைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். சின்னம்மாவை அனுப்ப மனசில்லை, ஆனால் யாராவது சொல்ல வேண்டும். ஒரு ஆம்பிளை எப்படிச் சொல்வது? "நீங்கதான் பக்குவமாப் பேசுவீங்க. உங்க மேல அவங்களுக்குப் பிரியம் வேற. நீங்க சொன்னா வருத்தப்பட மாட்டாங்க," என்றார்.

இதோ, இந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். சார், அது நான். அவளும் வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து "சரிங்க சார்" என்று வந்தது.

கழிவறைக்கு வெளியே, துடைப்பங்கள் சாத்தியிருந்த இடத்தில் வைத்துச் சொன்னாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பினாயிலில் ஊறிச் சொரசொரத்த கை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மழைக்காலத்தில் துணி சரியாகக் காயாது, வேறு சோப்பு போட்டுப் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னாள். சின்னம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. கையை மட்டும் மெதுவாக உருவிக்கொண்டாள்.

"யாரும்மா சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை சின்னம்மா. யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னுதான்."

சின்னம்மா தலையாட்டினாள். "வயசாயிடுச்சில்ல," என்றாள். "நம்ம மேல அடிக்கிறது நமக்கே தெரியறதில்லை. நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா."

அன்று வீட்டுக்குப் போனதும் பவர் அக்கா குப்பிகளை ஒரு செருப்புப் பெட்டிக்குள் போட்டு, பரணில் ஏற்றினாள். வெள்ளைக் கோட்டை இரண்டு முறை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தாள். இனி வாசனையே வேண்டாம் என்று முடிவெடுத்தாள். அதுதான் பரிகாரம் என்று நினைத்தாள். அது பரிகாரமாக இல்லை, சாட்சியாகப் போய்விட்டது. அந்த வாரமே கடையில் வாடை சுத்தமாக மறைந்தது. பார்த்தீர்களா, சொன்னதும் சரியாகிவிட்டது என்றார்கள். பவர் அக்கா சொன்ன விதத்தைப் பாராட்டி முதலாளி மனசாரப் பேசினார்.

சின்னம்மா மாறிப்போனாள். எல்லோருக்கும் முன்னால் வந்து, கழிவறையில் குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டுதான் துடைப்பத்தைத் தொட்டாள். அவளைச் சுற்றி ஏதோ மலிவான பவுடரின் வெள்ளை மணம் மிதந்தது. பஸ் சண்டைகள் நின்றுபோயின. டீயைக் கதவுக்கு வெளியே முக்காலியில் வைத்துவிட்டு, "டீ இருக்கும்மா," என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டுப் போனாள். மதியச் சாப்பாட்டைப் பின்பக்கப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு நாள் கழிவறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. பவர் அக்கா உள்ளே போகக் கதவைத் தள்ளியவள் நின்றுவிட்டாள். சின்னம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்று சட்டைக் கையை முகர்ந்துகொண்டிருந்தாள். பிறகு கழுத்துப் பட்டியை இழுத்து முகர்ந்தாள். பிறகு உள்ளங்கைகளைக் கிண்ணம்போலக் குவித்து, அதில் மூச்சை விட்டு, அதையும் முகர்ந்தாள். எதையோ தேடுகிற, கிடைக்காமல் திகைக்கிற முகம். பவர் அக்கா சத்தம் காட்டாமல் கதவை விட்டுவிட்டு, பரிசோதனை அறைக்குப் போய், விளக்கைப் போடாமல் சுழல்நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த வாடிக்கையாளர் கதவைத் தட்டும்வரை எழுந்திருக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விற்பனைப் பெண் பேச்சுவாக்கில் இன்னொன்றைச் சொன்னாள். அவளும் சின்னம்மாவும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். சீட்டு காலியாக இருந்தாலும் சின்னம்மா இப்போது உட்காருவதில்லையாம். அந்த முட்டியை வைத்துக்கொண்டு, கதவோரம் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வருகிறாளாம்.

சொல்லிவிட வேண்டும் என்று பவர் அக்கா அன்றே தீர்மானித்தாள். ஆனால் தீர்மானத்திலும் ஒரு கோழைத்தனம் ஒளிந்திருந்தது. வாயால் சொல்லாமல் விஷயம் தானாக வெளிவர ஒரு வழி தேடினாள். சின்னம்மாவின் விடுமுறை நாளன்று பரணிலிருந்து பெட்டியை இறக்கி, மிருகத்தை நன்றாக அழுத்திக்கொண்டு கடைக்கு வந்தாள். சின்னம்மா இல்லாத நாளிலும் வாடை அடித்தால் அவள் மேல் இருக்கும் பழி விலகிவிடும், யாரும் தன்னைக் கேட்காமலும் போகலாம் என்று கணக்குப் போட்டாள்.

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லாத ஒரு வேளையில் விற்பனைப் பெண் மூக்கைச் சுருக்கினாள். திரும்ப அடிக்கிறது என்றாள். முதலாளி எழுந்து வந்தார். பொருத்துகிறவரும் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். சின்னம்மா இன்று வரவே இல்லையே என்று விற்பனைப் பெண் சொன்னாள். பவர் அக்காவுக்கு மூச்சு வந்தது.

முதலாளி யோசித்துவிட்டு, "நேத்து அவங்க துடைச்ச துணி எங்கேயாவது கிடக்கும்," என்றார். "அந்த வாளியைக் கொண்டுபோய் வெளியே வைங்க."

பொருத்துகிறவர் வாளியை எடுக்கக் குனிந்தார்.

"வாளியை விடுங்க," என்றாள் பவர் அக்கா. "அது நான்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கைப்பையிலிருந்து கருத்த குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். இது ஒரு செண்ட் என்றும், இதைத்தான் ரொம்ப நாளாகப் போட்டுக்கொண்டு வந்ததாகவும், எலி என்று தேடியதும் இதைத்தான் என்றும் சொன்னாள். பொருத்துகிறவர் குப்பியின் மூடியைத் திறந்து முகர்ந்து, தலையைப் பின்னால் இழுத்து, பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டார்ச் அடித்து நின்றீர்களே அக்கா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இதைத் தெரிந்தேவா வாங்கினீர்கள் என்று விற்பனைப் பெண் நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள். அவள் ஆமாம் என்றாள். ஏன் என்று கேட்டால் தாரையும் கருந்தேனையும் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

முதலாளி சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். அவருக்கு மெல்ல மெல்ல ஏதோ ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது.

"நான் உங்களைத்தானேம்மா அவங்ககிட்ட சொல்லச் சொன்னேன்," என்றார். "நீங்களும் போய்ச் சொன்னீங்களே."

பொருத்துகிறவரின் சிரிப்பு நின்றது. அந்த நிமிடத்தில் பூமி பிளந்தால் அவள் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே இறங்கியிருப்பாள். பூமி பிளக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். பவர் மேடம் இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

மறுநாள் அவள் சின்னம்மாவுக்கும் முன்னால் வந்து, கடைவாசலில் காத்திருந்தாள். வேறு யாரும் சொல்வதற்கு முன் தானே சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சின்னம்மா பஸ்ஸிலிருந்து ஒரு காலை மெதுவாக ஊன்றி இறங்கி வந்தாள். பவர் அக்கா அவளைப் பரிசோதனை அறைக்குக் கூட்டிப்போய், விளக்கைப் போட்டு, குப்பியைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

சின்னம்மா குப்பியை வாங்கி முகர்ந்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. திரும்பவும் முகர்ந்தாள், நிதானமாக, சந்தையில் எதையோ வாங்கப்போகிறவள்போல.

"இதுவா?" என்றாள். "இதுவா நான்?"

பவர் அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சின்னம்மா தன்னைத் தேற்ற வேண்டிவருமே என்று பயந்து அதை விழுங்கினாள்.

"உடம்பு உரியிற மாதிரி தேய்ச்சுக் குளிச்சேன்," என்றாள் சின்னம்மா. "பஸ்ல பக்கத்துல இருக்கிறவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்களோன்னு உட்காரவே இல்லை. சரி, அதை விடு. பயத்துல சொல்லாம இருந்துட்டே. யாருக்கும் வர்றதுதான். ஆனா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னியேம்மா. நான் அன்னிக்கு உனக்கு நல்ல மனசுன்னு நினைச்சேன்."

மன்னித்துவிடுங்கள் சின்னம்மா என்றாள் அவள். சின்னம்மா குப்பியின் மூடியைச் சரியாகத் திருகி, வில்லைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பார்க்கலாம் என்றாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளி கடையில் எல்லோர் முன்னிலையிலும் சின்னம்மாவிடம் வருத்தம் தெரிவித்தார். விற்பனைப் பெண் தனியாகச் சின்னம்மாவிடம் போய் அழுதாள். அவளோடு சின்னம்மா சீக்கிரமே சிரித்துப் பேசத் தொடங்கினாள். மதியச் சாப்பாடு படிக்கட்டிலிருந்து மறுபடி உள்ளே வந்தது. பஸ் சண்டைகளும் திரும்பின. பொருத்துகிறவரின் இடத்தில் நின்று அவள் இரண்டு குரலில் பேசுவதும் அவர் சிரிப்பதும் பரிசோதனை அறைவரை கேட்கும். ஆனால் அந்த அறைக்குள் பவர் அக்கா இருக்கும்போது சின்னம்மா வரமாட்டாள். காலையில் அவள் வருவதற்கு முன்பே துடைத்து முடித்திருப்பாள். எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். டீ மட்டும் வரவில்லை. பவர் அக்கா தானே போய் எடுத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த வருடம் சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும் நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். அவளிடமும் சொல்லிக்கொண்டாள். "உடம்பைப் பார்த்துக்கம்மா" என்றாள். அதில் எவ்வளவு மன்னிப்பு, எவ்வளவு மரியாதைப் பேச்சு என்று பவர் அக்காவால் இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கணவரிடமும் சொல்லிவிட்டாள். அவர் அன்று கேஸ் குழாயைச் சோப்பு நுரை போட்டுச் சோதித்தவர், அதனால் கொஞ்சம் கோபப்பட்டார். அப்புறம் குப்பியை வாங்கி முகர்ந்துவிட்டு, தனக்கு இது சத்தியமாகப் பிடிக்கவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமானால் போட்டுக்கொள், நான் பால்கனியில் பேப்பர் படிக்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக்கொள்கிறாள். ஒரே ஒரு அழுத்து. உறுமல் அடங்கிக் கருந்தேன் வரும்வரை காத்திருப்பாள். வரும், முன்போலவே வரும். ஆனால் தேனோடு சேர்ந்து பினாயில் ஊறிய ஒரு கையும் ஞாபகத்துக்கு வரும். விட்டுவிடலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது, பிடிக்கும் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் கணவரோடு உறவினர் வீட்டுக்குப் போனபோது, லிப்டில் அவர்களோடு முன்பின் தெரியாத சிலர் ஏறினார்கள். யார் பையிலோ இருந்து பழைய மீன் வாடை வீசியது. ஒரு அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்து, என்ன நாற்றம் இது என்று முணுமுணுத்தாள். லிப்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு வயதான வேலைக்காரப் பெண்மேல் அந்தப் பார்வைகள் போய் நிற்கப் பார்த்தன.

"நான்தாங்க," என்றாள் பவர் அக்கா. "மன்னிச்சுக்குங்க."

எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டு, பிறகு மேலே ஓடும் எண்களைப் பார்த்தார்கள். இறங்கி நடக்கும்போது கணவர் அவள் தோளருகே குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"நீ இன்னிக்கு ஒண்ணும் போடலையே," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள்.